இரண்டு அண்ணன்களைச் சாப்பிட்டவள்

வேப்பந்தட்டையில் ஆத்தூர் ரோட்டை ஒட்டி மணிவண்ணனின் செல்போன் கடை இருக்கிறது. கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட அறை ஒன்று. சாயங்காலம் நாலரை மணி ஆனால் போதும், அந்த அறையிலிருந்து ஒரு பெண் குரல் ரஷ்ய மொழியில் யாரையோ அதட்டும். கீழே ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். "எந்தங்கச்சிதான். கிளாஸ் எடுக்குது" என்பார் மணிவண்ணன், தலையை நிமிர்த்தாமலே.

அந்தத் தங்கச்சியின் பெயர் வெற்றிச்செல்வி. வயது முப்பத்தொன்று. டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போய், மூன்றாம் வருஷப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, டாக்டராகாமல் திரும்பி வந்தவள். இதை மூடி மறைக்க வேண்டும் என்று அவளே நினைக்காதபோது நமக்கு எதற்கு? ஊரில்தான் சிலருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும், "என்னம்மா, பாதியில வந்துட்டியாமே?" என்று விசாரிப்பார்கள். "ஆமாங்க, பாதி டாக்டரு. தலையிலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒடம்புக்கு என்னன்னாலும் வாங்க, பாக்கிறேன்" என்பாள். விசாரித்தவர் அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

ரஷ்ய மொழியை அவள் புத்தகம் வைத்துக் கற்கவில்லை. கல்லூரியில் பாடமெல்லாம் இங்கிலீஷில்தான். விடுதியில் துணி துவைக்கிற மெஷின் அறைக்குச் சாவி வைத்திருந்த அம்மாளோடு மூன்று வருஷம் மல்லுக்கு நின்றாள். அழுகின உருளைக்கிழங்கை அடியில் போட்டுத் தள்ளிவிடப் பார்த்த சந்தைக்காரியோடு வாரம் தவறாமல் ஒரு சண்டை. சண்டை போட்டுக் கற்ற மொழி லேசில் மறக்காது. திரும்பி வந்தபின் அதுதான் சோறு போட்டது. ரஷ்யக்காரர்களுக்கு இணையம் வழியாக இங்கிலீஷ் சொல்லித்தரும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அவளுக்கு ஒதுக்கப்பட்ட மாணவர்கள் சைபீரியாவில் இருந்தார்கள். அவர்கள் வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரத்துக்கு இங்கே நாலரை மணி.

சேரும்போதே கம்பெனி இரண்டு நிபந்தனை போட்டது. கேமராவை ஆன் செய்யக் கூடாது. பெயர் விக்டோரியா, லண்டன்காரி.

"ரெண்டுக்கும் ஒரே அர்த்தந்தான மேடம், வெற்றின்னாலும் அதுதான், விக்டோரியான்னாலும் அதுதான்" என்று போனில் சமாதானம் சொன்னவர் செந்தில்குமார். பாடங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. ஆபீஸ் பெங்களூரில், சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம்.

வேலை தேவைப்பட்டது. சரி என்றாள். மூன்று வருஷம் லண்டன் விக்டோரியாவாக இருந்தாள். காட்டுப் பக்கமிருந்து மயில் கத்தினால், "அது என்ன சத்தம்?" என்று சைபீரியாவிலிருந்து கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பூனை என்பாள். மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் வந்து தெருவில் நின்றால், லண்டனில் ரோடு வேலை நடக்கிறது என்பாள். பொய் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை. அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவளை உறுத்தியது.

மாணவர்களில் ஒலெக் என்று ஒரு வெல்டர். ஐம்பதைத் தாண்டியவர். மகள் கனடாவில் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். மருமகனோடு நாலு வார்த்தை பேச வேண்டும், அதுதான் அவருக்கு ஆசை. எல்லாம் வந்தது, 'ஹேவ்' என்ற ஒரே ஒரு வினைச்சொல்தான் வரவில்லை. "அட் மீ இஸ் டாக்" என்பார். 'ஐ ஹேவ் எ டாக்' என்று திருத்தினால் தலையை ஆட்டுவார், மறுநாள் பழையபடி "அட் மீ இஸ் டாக்" என்று வந்து நிற்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ரஷ்ய மொழியில் அப்படித்தான்: 'உ மின்யா யெஸ்த் சபாக்கா.' ஒரு நாள் வெற்றிச்செல்வி பொறுமை இழந்து, தான் விக்டோரியா என்பதையே மறந்து, "எத்தன தடவதான் சொல்றது! என்கிட்ட நாய் இருக்கு, என்கிட்ட நாய் இருக்குன்னு!" என்று தமிழிலேயே கத்திவிட்டாள்.

கத்தி முடித்த பிறகுதான் கவனித்தாள். ஒலெக் சொன்னதும் அவள் கத்தியதும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. 'உ மின்யா' என்றால் என்கிட்ட. 'யெஸ்த்' என்றால் இருக்கு. 'சபாக்கா' என்றால் நாய். அந்த மனுஷன் தமிழைத்தான் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்!

தமிழில் எதையும் யாரும் 'ஹேவ்' பண்ணுவதில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. பேனா என்கிட்ட இருக்கிறது. அண்ணன்கள் எனக்கு இருக்கிறார்கள். காய்ச்சல் எனக்கு இருக்கிறது. எல்லாம் அததன் பாட்டுக்கு இருக்கின்றன, நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். இங்கிலீஷ்காரன்தான் நாய், வீடு, காய்ச்சல் எல்லாவற்றையும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலைகிறான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் எழுதியது தன்னுடைய தப்பை.

ரஷ்யாவில் கல்லூரியின் முதல் நாள். உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள், குடும்பத்துக்கு வந்தாள். அறிவரசன், மணிவண்ணன் என்று இரண்டு அண்ணன்கள். இருந்தாங்க இல்லை, இருப்பாங்க இல்லை, இப்போதும் நன்றாக இருக்காங்களே என்று யோசித்து, 'ஹேவ்' பற்றாது என்று ஒரு 'இங்' சேர்த்து, "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்றாள். பெரம்பலூரிலோ அரியலூரிலோ நூறு பேரைக் கேட்டால் தொண்ணூறு பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இங்கிலீஷில் 'ஹேவிங்' என்று நீட்டினால் வேறு கதை. மீனை ஹேவிங் என்றால் மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். பின் வரிசையில் இருந்த டில்லிப் பையன் ஒருவன், "பொரிச்சா, வேகவச்சா?" என்று இங்கிலீஷில் கேட்டான். வகுப்பே சிரித்தது. அங்கிருந்த மூன்று வருஷமும் அவளுக்கு அதுதான் பட்டப்பெயர், அண்ணன்களைச் சாப்பிட்டவள். பரீட்சையில் தோற்றதுகூட அவளுக்கு ஆறிப்போயிருந்தது, இந்தச் சிரிப்பு ஆறவே இல்லை.

ஆறாததை அப்படியே பாடத்தில் வைத்தாள். ஒரு பக்கம் ஒலெக்கின் தப்பு, இன்னொரு பக்கம் தன் தப்பு. அவர் 'ஹேவ்' பக்கமே வரமாட்டார், இவள் அதை இழுத்து நீட்டிவிடுவாள். நடுவில் பாலமாக, தமிழின் 'இரு'. 'என்கிட்ட இருக்கு' என்றால் 'ஐ ஹேவ்'. 'போக வேண்டியிருக்கு' என்றால் 'ஐ ஹேவ் டு கோ'. 'பார்த்திருக்கேன்' என்றால் 'ஐ ஹேவ் சீன்'. இந்தக் கடைசி வகை ரஷ்ய மொழியில் கிடையவே கிடையாது. பார்த்தேன் என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடும். அந்த ஒன்றை விளக்க முடியாமல் எத்தனையோ லண்டன்காரர்கள் தண்ணி குடிக்கிறார்கள். அதை விளக்க, பார்த்தது முடிந்துவிட்டது, பார்த்தவள் இன்னும் இருக்கிறாள் என்று 'பார்த்து', 'இருக்கேன்' இரண்டையும் பிரித்துக் காட்டினாள். ஒலெக்குக்கும், அவரோடு படித்த கலீனா என்ற பள்ளிக்கூட நர்சுக்கும் முதலில் நடத்திப் பார்த்தாள். அந்தத் தமிழை எங்கே படித்தாய் என்று கலீனா கேட்டதற்கு, தமிழ்த் தோழி ஒருத்தி சொல்லித்தந்தாள் என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவைத்தாள். "அப்படியானால் ஐ ஹேவ் எ டாக் என்றால் நாயைச் சாப்பிட்டேன் என்று மருமகன் நினைக்க மாட்டானே?" என்று ஒலெக் நிஜமான கவலையோடு கேட்டார். ரஷ்ய மொழியில் 'யெஸ்த்' என்ற சொல்லுக்கே இருக்கு, சாப்பிட என்று இரண்டு அர்த்தம். கலீனா சிரித்துச் சிரித்து இருமினாள். ஒரே வாரத்தில் இரண்டு பேர் வாயிலும் 'ஹேவ்' உட்கார்ந்தது.

பாடம் பெங்களூருக்குப் போனது. நாலாம் நாள் செந்தில்குமார் கூப்பிட்டார்.

"மேடம், பிரமாதம். மேல இருக்கறவங்கல்லாம் ஆடிப்போயிட்டாங்க. இத பெரிய வீடியோ பாடமா போடறோம். லண்டன்லேர்ந்து ஒரு பொண்ண வச்சு எடுக்கறோம், பேரு விக்டோரியான்னே வரும். தமிழ் வர்ற எடத்த மட்டும் எடுத்துடுங்க. அந்த அண்ணன் தம்பி கதையும் வேணாம்."

"அதெல்லாம் எடுத்துட்டா பாடத்துல என்ன சார் இருக்கு?"

"டீச்சரே தப்பா பேசினேன்னு சொன்னா எவன் மேடம் காசு குடுத்துப் படிப்பான்? அவங்களுக்கு இங்கிலீஷ்காரங்கதான் வேணும்."

"அந்த இங்கிலீஷ்காரங்களுக்கு இந்தப் பாடம் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு சார் எழுதப்போறேன்?"

அவர் சனிக்கிழமை ஊருக்கு வருவதாகவும், நேரில் பேசலாம் என்றும் சொல்லிப் போனை வைத்தார்.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். செந்தில்குமாரைப் பார்த்தால் கோபப்பட முடியாத முகம். டீயும் வெஜ் பப்ஸும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை திறந்த வகுப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், அதில் அவள் விக்டோரியாவாக, கேமரா இல்லாமல், தமிழ் இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்திக்காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் வீடியோ எடுப்பார்கள் என்றார். இல்லாவிட்டால் வேலை இருக்காது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்க ஏங்க இத இவ்ளோ பெருசா எடுத்துக்கறீங்க? என்னையே அங்க எல்லாரும் சாம்னுதான் கூப்பிடறாங்க. பேருல என்னங்க இருக்கு?"

வெற்றிச்செல்வி டீ கிளாசைக் கீழே வைத்தாள்.

"எங்க காலனிக்கு மனைப்பட்டா குடுங்கன்னு எங்கப்பா பன்னெண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸா நடந்தாரு சார். பட்டா கைக்கு வந்த மாசம் நான் பொறந்தேன். அதான் வெற்றி. எங்க தாத்தா கூலி வேலை செஞ்ச எடத்துல அவர ஒருத்தர்கூட முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. பாதி பேரு, இல்லன்னா டேய். அதனால எங்கப்பா எங்க மூணு பேருக்கும் வேணும்னே நீளமா பேரு வச்சாரு. கூப்பிடறவன் வாய் வலிக்கட்டும்னு. பேருல என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல, அது இருக்கு."

செந்தில்குமார் பப்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மனசில் பட்டிருக்கும். ஆனால் பட்டதைக் காட்டினால் அவர் வேலை போய்விடும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆபீஸ் குரலுக்கு மாறி, இங்கிலீஷில், "ஐ ஆம் ஹேவிங் மெனி டீச்சர்ஸ், மேடம்" என்றார். எனக்கு நிறைய டீச்சர்கள் இருக்கிறார்கள் என்று மிரட்டியதாக அவர் நினைப்பு.

"நல்லா சாப்பிடுங்க சார்" என்று சொல்லி எழுந்துவிட்டாள் வெற்றிச்செல்வி.

அவள் வாசலைத் தாண்டும்வரை அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் சிவந்ததா, சிரித்தாரா, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் ஏறிய பிறகுதான் பயம் வந்தது. இந்த வேலையும் போனால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் படிப்பும் பாதி, வேலையும் பாதி. பாதிச்செல்வி என்றே கூப்பிடுவார்கள். அம்மா இருசம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், அடுப்பு வெக்கையில் நின்று நின்று எதற்கும் அசையாதவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போனா போவுது போ. ஆனா அடுத்த சனிக்கெழம வாயக் கட்டிக்கிட்டு வந்து வூட்டுல ஒக்காந்து அழுதியினா தொடப்பத்தாலயே போடுவேன்" என்றாள். அந்த வீட்டில் ஆசீர்வாதம் அப்படித்தான் வரும்.

சனிக்கிழமை நாலரை மணி. திறந்த வகுப்பில் அறுபத்திரண்டு பேர். செந்தில்குமாரும் இன்னும் இரண்டு பெரிய ஆட்களும் பெங்களூரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெற்றிச்செல்வி தலையை வாரி, தினமும் போடுகிற சுடிதாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வேலையாகத் தன் சொந்த நம்பரை எல்லோரும் பார்க்கும்படி எழுதினாள். அப்புறம் கேமராவை ஆன் செய்தாள். கறுத்த முகம், பின்னால் காரை பெயர்ந்த சுவர், செட்டிகுளம் முருகன் படம் போட்ட காலண்டர்.

ரஷ்ய மொழியில் பேசினாள். "என் பெயர் வெற்றிச்செல்வி. லண்டன் இல்லை. இந்தியாவில் வேப்பந்தட்டை. விக்டோரியா என்று ஒருத்தி கிடையாது. மூன்று வருஷமாக உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறேன். 'ஹேவ்' என்ற சொல்லை எனக்கு யாரும் தாய்ப்பாலோடு ஊட்டவில்லை. நான் அதைத் தப்பாகப் பேசி, சிரிப்பு வாங்கி, அப்புறம் கற்றுக்கொண்டேன். அதனால் எங்கே தடுக்கி விழுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்க இஷ்டம் உள்ளவர்கள் இருங்கள்."

அறுபத்திரண்டு ஐம்பத்தைந்தானது. ஐம்பத்தைந்து நாற்பத்தொன்றானது. "நாங்கள் இங்கிலீஷ்காரிக்குத்தான் பணம் கட்டினோம்" என்று எழுதிவிட்டு ஒருவர் போனார். கலீனா மைக்கைத் திறந்தாள். "அந்தத் தமிழ்த் தோழியும் நீங்கள்தானா? என் பேரன் பேத்தி பெயர்கூட உங்களுக்குத் தெரியும். உங்கள் பெயர் எனக்குத் தெரியாமல் போனது அசிங்கமாக இருக்கிறது" என்றாள்.

"தோழியும் நான்தான். அசிங்கம் எனக்குத்தான். உங்களுக்கில்லை" என்றாள் வெற்றிச்செல்வி. அதற்கு மேல் கெஞ்சவில்லை. பாடத்தை ஆரம்பித்தாள்.

அண்ணன்களைச் சாப்பிட்ட கதையை அவளே சொன்னாள், பொரித்தா வேகவைத்தா என்பது உட்பட. நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். முதல் தடவையாக அந்தச் சிரிப்பு அவளைக் குத்தவில்லை, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். போனில் செந்தில்குமாரின் செய்திகள் வந்து விழுந்தபடி இருந்தன: கேமராவை ஆஃப் பண்ணுங்க மேடம், ப்ளீஸ் மேடம், மேடம். போனைக் குப்புறக் கவிழ்த்தாள். இருக்கு முடிந்தது, வேண்டியிருக்கு முடிந்தது, பார்த்திருக்கேனுக்கு வந்து, பார்த்து என்பதை வெள்ளைப் பலகையில் ஒரு பக்கமும் இருக்கேன் என்பதை இன்னொரு பக்கமும் எழுதிக்கொண்டிருக்கும்போது திரை சாம்பல் நிறமானது. இந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி. மூன்று வருஷ வேலை அந்த ஒரு வரியோடு போனது. மார்க்கர் பேனாவை மூடிவைத்தாள். பிறகு கீழே இறங்கிப்போய் அண்ணனிடம், "வேல போச்சு" என்றாள். மணிவண்ணன் அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தினார். "டீ சொல்லவா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் அழைக்கவில்லை. போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஒலெக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது: பாடம் பாதியில் நிற்கிறது, எப்போது முடிப்பீர்கள்? நாலரைக்கு என்று பதில் போட்டு, வீடியோ கால் இணைப்பு ஒன்றையும் அனுப்பினாள். நாலரை ஆனது. ஆள் இல்லை. நாலு முப்பத்தைந்துக்கு ஒலெக் வந்தார், பனியனும் தீப்பொறி பட்டுப் பொத்தலான சட்டையுமாக. பின்னாலேயே கலீனா, இன்னும் உம்மென்ற முகத்தோடு. கூடவே அவளோடு வேலை செய்யும் புதுப் பெண் ஒருத்தி. மொத்தம் மூன்று பேர். வெற்றிச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள், கேமரா முன்னாலேயே.

"பாடத்துக்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்" என்றார் ஒலெக். "உங்கள் பெயர். வெத்ரி... ஷெல்... எங்கள் மொழியில் வெத்ரி என்றால் காற்று வீசுவது."

"எங்கள் மொழியில் ஜெயிப்பது" என்றாள்.

"நல்ல பெயர்தான். ஆனால் ரொம்ப நீளமாக இருக்கிறது. வாய் வலிக்கிறது. சுருக்கமாக வீக்கா என்று கூப்பிடட்டுமா?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் ஊரில் பிரியமானவர்களைச் சுருக்கித்தான் கூப்பிடுவார்கள், விக்டோரியா என்றால் வீக்கா.

இருக்கிற மாணவர்களே மூன்று பேர். இவரும் கோபித்துக்கொண்டு போனால் இரண்டு.

"கூடாது" என்றாள் வெற்றிச்செல்வி. "திரும்பச் சொல்லுங்கள்."

ஒலெக் திரும்பச் சொன்னார். தப்பு. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அதுவும் தப்பு. கலீனா உம்மென்ற முகத்தை மறந்து தானும் சொல்லிப் பார்த்தாள். புதுப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். எங்கே நாக்கு மேலே போக வேண்டும், எங்கே பல்லைத் தொட வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினாள். பத்து நிமிஷம் அதிலேயே போனது. ஒன்பதாம் தடவையோ பத்தாம் தடவையோ, வெல்டர் ஒலெக் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துகூடக் குறையாமல், "வெற்றிச்செல்வி" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் பாடத்தை ஆரம்பித்தாள்.